போன் சார்ஜ் ஏறுது, ஃபைல் மட்டும் வரமாட்டேங்குது: லினக்ஸ் கணினியோடு போனை இணைக்க முழுமையான வழிகாட்டி

தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில் மொரீஷியஸ் தமிழ் வீடுகளில் கேட்கும் பொதுவான புலம்பல், "போன்ல இடமே இல்ல". ஒரு நிமிட 4கே வீடியோ ஏறக்குறைய 350 எம்பி பிடிக்கும். கோர் த கார்ட் மலையடிவாரக் கோயிலுக்குக் காவடி ஏறுவதை அரை மணி நேரம் எடுத்தாலே 10 ஜிபி தாண்டிவிடும். கணினிக்கு மாற்றிவிடலாம் என்று கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறும், கணினித் திரையில் ஒன்றும் வராது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகைகளான மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக்கொண்டவர்கள் இங்கேயும் உண்டு. மாலை நேரத் தமிழ் வகுப்பில், கோயில் அலுவலகத்தில், வீட்டுக் கூடத்தில் அந்தக் கணினிகள் நன்றாகவே ஓடுகின்றன. போன் தெரியாத அன்றைக்குத்தான் "இந்த லினக்ஸே இப்படித்தான்" என்று பேச்சு கிளம்பும். பழி பெரும்பாலும் தவறான ஆள் மேல் விழுகிறது. நான் பார்த்தவரை பாதிக்கு மேல் கேபிளும் போனின் பூட்டுத்திரையும்தான் காரணம்.

போனிலிருந்து ஃபைல் கணினிக்கு வர நான்கு கதவுகள் திறக்க வேண்டும்: கேபிளில் தகவல் ஓட வேண்டும், போன் அனுமதி தர வேண்டும், லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் போனைப் பார்க்க வேண்டும், கடைசியாக ஃபைல் மேனேஜர் அதைத் திறக்க வேண்டும். எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று தெரியாமல் யாரோ எங்கோ எழுதிய கட்டளைகளை டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரத்தில்) ஒட்டாதீர்கள். அப்படி ஒட்டி, போனும் தெரியாமல் பிரிண்டரும் போன கணினிகள் உண்டு.

முதல் கதவு: கேபிள்

யுஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்துக்கு இரண்டு கம்பிகள், தகவலுக்குத் தனியாக இரண்டு கம்பிகள் இருக்கும். மலிவான கேபிள்களில் தகவல் கம்பிகளே இருக்காது. பவர் பேங்க், ஸ்பீக்கர், சிறு விளக்கு ஆகியவற்றோடு இலவசமாக வருபவை பெரும்பாலும் இந்த ரகம். வெளியிலிருந்து பார்த்து எதுவும் சொல்ல முடியாது. போனோடு பெட்டியில் வந்த கேபிளை எடுத்துப் பாருங்கள். அது தொலைந்திருந்தால், வேறொரு போனிலிருந்து ஃபைல் மாற்றியதாக யாராவது உறுதியாகச் சொல்லும் கேபிளைக் கடன் வாங்குங்கள். சந்தையில் புதிதாக வாங்குவதானால் "சார்ஜுக்கு மட்டுமா, டேட்டாவும் வருமா" என்று கேட்டே வாங்குங்கள்.

அடுத்து போனின் துளை. கடலோரத்தில் குடியிருப்பவர்களின் போன்களில் ஈரமும் உப்பும் சட்டைப்பை நூல்தூசியும் சேர்ந்து துளைக்குள் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். பிளக் முழுதாக உள்ளே போகாது. சார்ஜ் ஏறும், டேட்டா விட்டுவிட்டு வரும். போனை அணைத்துவிட்டு மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊசியோ பின்னோ வேண்டாம்.

யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகாமல் நேராகக் கணினியில் செருகுங்கள். மேசைக் கணினியானால் பெட்டியின் பின்பக்கத் துளையில்.

இரண்டாம் கதவு: போனின் அனுமதி

ஆண்ட்ராய்டு 6 தொடங்கி, கேபிளைச் செருகினால் போன் தானாகச் சார்ஜ் மட்டும் எடுத்துக்கொள்ளும். யாரோ ஒருவருடைய கணினியில் சார்ஜ் போட்டதற்காகப் படங்களெல்லாம் அங்கே தெரியக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. அதனால் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பூட்டைத் திறந்து, திரையை மேலிருந்து கீழே இழுங்கள். யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகிறது என்ற நோட்டிஃபிகேஷன் இருக்கும். அதைத் தொட்டால் பட்டியல் வரும். அதில் ஃபைல் ட்ரான்ஸ்ஃபர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். போனைப் பிரெஞ்சில் வைத்திருப்பவர்களுக்கு அது "ட்ரான்ஸ்ஃபேர் த ஃபிஷியே". சில போன்களில் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் அதே வரியில் சேர்ந்து நிற்கும், பரவாயில்லை. அதே பட்டியலில் இருக்கும் பிடிபி என்பது கேமரா முறை. அதில் படங்கள் மட்டும் வரும், மற்ற ஃபோல்டர்கள் வராது.

பூட்டுத்திரை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். போன் பூட்டியிருந்தால் கணினியில் போனின் பெயர் தெரியும், திறந்தால் உள்ளே காலியாக இருக்கும். "படமெல்லாம் அழிஞ்சுபோச்சு" என்று பதறுவது இந்த இடத்தில்தான். எதுவும் அழியவில்லை. பூட்டைத் திறந்துவிட்டு, ஃபைல் மேனேஜரில் எஃப்5 பட்டனை அழுத்துங்கள்.

ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய அலுப்பாக இருந்தால் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்கலாம். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பக்கத்தில் பில்ட் நம்பர் என்ற வரியை 7 முறை தட்டுங்கள். பிரெஞ்சில் "நுமேரோ த பில்ட்". ஷாவ்மி போன்களில் எம்ஐயுஐ பதிப்பு (புதியவற்றில் ஓஎஸ் பதிப்பு) என்ற வரியைத் தட்ட வேண்டும். பிறகு டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் யுஎஸ்பியின் இயல்பு அமைப்பை ஃபைல் ட்ரான்ஸ்ஃபர் என்று மாற்றலாம். வீட்டுக் கணினியோடு மட்டும் பழகும் போனுக்கு இது சரி. ஊரெல்லாம் சுற்றி எங்கெங்கோ சார்ஜ் போடும் போனுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாம் கதவு: கெர்னலைக் கேளுங்கள்

இதுவரை செய்தும் ஒன்றும் வரவில்லையென்றால் டெர்மினலைத் திறங்கள். எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளை போதும்: ஐந்து எழுத்து, எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. கேபிளைச் செருகுமுன் ஒருமுறை, செருகியபின் ஒருமுறை ஓட்டி இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். புதிதாக ஒரு வரி வந்திருக்க வேண்டும். சாம்சங், ஹுவாவெய் என்று பெயரே இருக்கும். பெயர் இல்லாவிட்டாலும் எண் இருக்கும்; ஷாவ்மிக்கு 2717.

புதிய வரி வரவே இல்லையா? அப்படியானால் கணினியில் எந்த மென்பொருளை நிறுவியும் பயனில்லை. முதல் கதவுக்குத் திரும்பிப் போங்கள்: கேபிள், துளை, போர்ட்.

வரி வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது என்றால் கெர்னலின் குறிப்பேட்டை நேரடியாகப் பார்க்கலாம். நிர்வாகி உரிமை தரும் சூடோவை முன்னால் சேர்த்து டிஎம்இஎஸ்ஜி என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஹைஃபனும் டபிள்யூவும் சேர்த்தால், நடப்பது ஒவ்வொன்றும் திரையில் ஓடும். அதை ஓடவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். பிழை எண் -71 அல்லது -110 என்று திரும்பத் திரும்ப வந்தால் மின் இணைப்பே சரியில்லை என்று பொருள். கேபிளை மாற்றுங்கள், அல்லது வேறு போர்ட்டில் செருகுங்கள்.

லேப்டாப் பேட்டரி நீடிக்க டிஎல்பி என்ற கருவியை நிறுவியிருப்பவர்களுக்கு இன்னொரு சந்தேகம் வர வேண்டும். யுஎஸ்பியில் இருப்பதைத் தூங்கவைக்கும் வழக்கம் அதற்கு உண்டு. போன்களுக்கு விலக்குத் தரும் அமைப்பு அதன் அமைப்புக் கோப்பிலேயே இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் நடுவில் அறுந்துபோகும் தொல்லை பெரும்பாலும் நிற்கும்.

நான்காம் கதவு: ஃபைல் மேனேஜர்

கெர்னல் பார்க்கிறது, ஃபைல் மேனேஜர் மட்டும் பார்க்கவில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டோம். மென்பொருளைத் தேட வேண்டியது இப்போதுதான்.

உபுண்டு, மின்ட், எக்ஸ்எஃப்சிஈ வகைகளில் போனைத் திறப்பது ஜிவிஎஃப்எஸ் என்ற அடுக்கு. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஜிவிஎஃப்எஸ்-பேக்எண்ட்ஸ் என்று தேடுங்கள். ஃபெடோராவில் அதன் பெயர் ஜிவிஎஃப்எஸ்-எம்டிபி. எம்டிபி என்பது போனும் கணினியும் ஃபைல் பரிமாறப் பேசிக்கொள்ளும் முறை. கேடிஈ மேசைத்தளத்தில் டால்ஃபின் ஃபைல் மேனேஜருக்குக் கேஐஓ-எக்ஸ்ட்ராஸ் வேண்டும். முழு உபுண்டுவிலும் மின்ட்டிலும் இவை முன்பே இருக்கும். இடம் மிச்சப்படுத்தக் குறைந்தபட்ச நிறுவல் செய்த பழைய கணினிகளில்தான் விடுபட்டிருக்கும். நிறுவியபின் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள்.

எம்டிபி சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்ற பிழைச்செய்தி வந்தால் அடுக்கு இருக்கிறது, ஆனால் வேறொரு ஆள் போனைப் பிடித்துவைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள் மட்டுமே எம்டிபி வழியாகப் போனோடு பேச முடியும். மின்னூல் வாசகர்கள் வைத்திருக்கும் காலிபர், போனைச் செருகியதும் முந்திக்கொண்டு பிடித்துவிடும். பாட்டுக் கேட்கும் ரிதம்பாக்ஸும் அப்படித்தான். படம் இறக்கும் மென்பொருள்களையும் சேர்த்து எல்லாவற்றையும் மூடி, கேபிளைப் பிடுங்கி, பத்து விநாடி பொறுத்து மறுபடி செருகுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் போனையும் கணினியையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சோதிக்க எம்டிபி-டூல்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. அதிலுள்ள எம்டிபி-டிடெக்ட் கட்டளை போனின் பெயர், மாடல், சேமிப்பிட அளவு ஆகியவற்றை வரிசையாகக் காட்டினால் போனும் லினக்ஸும் நன்றாகவே பேசிக்கொள்கின்றன. கோளாறு ஃபைல் மேனேஜரில் மட்டும்.

திறந்துவிட்டது, ஆனால் பாதியில் நிற்கிறது

பலருக்கும் உண்மையான தலைவலி இங்கேதான் தொடங்கும். இதைப் புரிந்துகொள்ள எம்டிபி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

தொடக்கக் கால ஆண்ட்ராய்டு போன்கள் பென் டிரைவ் மாதிரியே கணினிக்குத் தெரியும். அதற்காகப் போன் தன் மெமரி கார்டைத் தன்னிடமிருந்து கழற்றிக் கணினியிடம் ஒப்படைக்கும். கேபிள் இருக்கும்வரை போனால் அந்தக் கார்டைத் தொட முடியாது. 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0-இல் கூகுள் அந்த வழியை விட்டுவிட்டு, மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய எம்டிபியைக் கையிலெடுத்தது. இதில் சேமிப்பிடம் எப்போதும் போனின் கையில்தான். தபாஜிக் கடையில் கவுண்டருக்கு வெளியே நின்று "இதைக் கொடுங்க, அதைக் கொடுங்க" என்று கேட்டு வாங்குகிறோமே, கணினியின் நிலையும் அதுதான். அலமாரியில் கைவிட முடியாது. ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றுதான் கிடைக்கும்.

அதனால் கேமரா ஃபோல்டரில் ஐயாயிரம் படம் இருந்தால் அது திறப்பதற்கே நிமிடக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் எதையும் அழுத்தாமல் பொறுத்திருங்கள். பொறுமையிழந்து வேறு ஃபோல்டரைத் திறந்தால் அதுவும் வரிசையில் நின்று எல்லாம் உறைந்துவிடும். சிறுபடக் காட்சியை நிறுத்திப் பட்டியல் காட்சிக்கு மாற்றினால் வேகம் கூடும், ஏனென்றால் சிறுபடம் காட்டக்கூட ஒவ்வொரு படமாகப் போனிடம் கேட்க வேண்டியிருக்கிறது. வீடியோவைப் போனுக்குள் இருக்கும்போதே இரண்டு முறை தட்டித் திறக்காதீர்கள். கணினிக்கு நகலெடுத்தபின் பாருங்கள்.

ஒரே மூச்சில் 30 ஜிபியை இழுக்காமல் இருநூறு, முந்நூறு ஃபைல்களாகப் பிரித்து எடுங்கள். மாற்றும்போது போனின் திரை அணையாமல் இருக்கத் திரை நேரத்தைக் கூட்டிவையுங்கள். வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: துளை டைப்-சி ஆக இருப்பதால் வேகம் வந்துவிடாது. பல போன்களில் டைப்-சி துளைக்குள் இருப்பது பழைய யுஎஸ்பி 2.0-தான். விநாடிக்கு 30 எம்பி கிடைத்தால் நல்ல வேகம். அந்தக் கணக்கில் 30 ஜிபிக்குப் பதினேழு நிமிடம் ஆகும். சின்னச் சின்னப் படங்களானால் இன்னும் கூடும்.

கட் செய்து ஒட்டவே கூடாது. காப்பி மட்டும். எம்டிபி நடுவில் அறுந்தால் போனிலும் இல்லை, கணினியிலும் பாதிதான் என்ற நிலை வரலாம். நகலெடுத்தபின் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, நாலைந்து வீடியோவைக் கடைசி நிமிடம்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு போனில் அழியுங்கள். போனில் அழித்தவை குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதைக் காலிசெய்யும்வரை இடம் திரும்பாது.

வாட்ஸாப் படங்களைக் காணவில்லை என்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு அவை இடம் மாறிவிட்டன. ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் காம் டாட் வாட்ஸாப், அதற்குள் வாட்ஸாப், அதற்குள் மறுபடி மீடியா. இத்தனை அடுக்குக்குள் ஒளித்துவைக்கத் தேவையில்லைதான், என்ன செய்வது.

கணினி பிரெஞ்சில் நிறுவப்பட்டிருந்தால், பிக்சர்ஸ் என்று நான் சொல்லும் ஃபோல்டர் உங்களுக்கு இமாஜ். டவுன்லோட்ஸ் என்பது தெலெஷார்ஜ்மான்.

பெரிய மூட்டைக்கு ஏடிபி

பல ஆண்டுப் படங்களை மொத்தமாக எடுக்க வேண்டுமானால் எம்டிபியோடு மல்லுக்கட்டுவதை விட்டு ஏடிபிக்கு வாருங்கள். நிரலாளர்களுக்கான கருவிதான், ஆனால் ஃபைல் இழுப்பதில் இதன் உறுதி எம்டிபிக்கு வராது.

ஏடிபி என்ற தொகுப்பைக் கணினியில் நிறுவுங்கள். போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்குங்கள். கேபிளைச் செருகி டெர்மினலில் ஏடிபி டிவைசஸ் என்று ஓட்டினால், போன் திரையில் இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்ற கேள்வி எழும். அனுமதி தராவிட்டால் கணினிப் பட்டியலில் அன்ஆத்தரைஸ்டு என்றே நிற்கும். அனுமதி இல்லை என்று கணினியே மறுத்தால், டெபியன், உபுண்டு வகைகளில் ஆண்ட்ராய்டு-எஸ்டிகே-பிளாட்ஃபார்ம்-டூல்ஸ்-காமன் என்ற தொகுப்பை நிறுவுங்கள். போனைத் தொட அனுமதி தரும் யூடெவ் விதிகள் அதில் இருக்கின்றன.

இழுக்கும் கட்டளையின் வரிசை இது: ஏடிபி, புல், ஹைஃபன் ஏ, பிறகு போனிலுள்ள ஃபோல்டர், கடைசியாகக் கணினியில் சேர வேண்டிய ஃபோல்டர். போனின் கேமரா ஃபோல்டர், எஸ்டிகார்டுக்குள் டிசிஐஎம், அதற்குள் கேமரா. டிசிஐஎம் நான்கும் பெரிய எழுத்து, கேமராவின் முதல் எழுத்தும் பெரியது; அப்படியே அடியுங்கள். ஹைஃபன் ஏ-வை விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் ஒவ்வொரு ஃபைலின் பழைய தேதியும் அப்படியே வரும். இல்லாவிட்டால் எல்லாப் படமும் இன்று எடுத்ததாக வரிசையில் குவியும்.

இதற்கும் குறை உண்டு. நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. அதனால் ஃபோல்டர் ஃபோல்டராக இழுங்கள். வேலை முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுங்கள்.

கேபிளே வேண்டாம் என்றால்

நாலைந்து படமோ ஒரு பிடிஎஃபோ அனுப்ப நான் இப்போதெல்லாம் கேபிளைத் தேடுவதில்லை. போனிலும் கணினியிலும் கேடிஈ கனெக்ட் நிறுவி, இரண்டையும் ஒரே வைஃபையில் வைத்து ஒருமுறை ஜோடி சேர்த்துவிட்டால் போதும். க்னோம் மேசைத்தளத்தில் இதே வேலையை ஜிஎஸ்கனெக்ட் செய்யும். இரண்டையும் ஒன்றாக ஓட்டாதீர்கள், ஒரே நெட்வொர்க் போர்ட்டுக்குச் சண்டையிடும். ஒன்றையொன்று பார்க்கவில்லையென்றால் ஃபயர்வாலில் 1714 முதல் 1764 வரையுள்ள போர்ட்களை டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறந்துவிடுங்கள். ஃபோல்டர்களை உலாவும் வசதி வேலை செய்ய எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் என்ற தொகுப்பு கணினியில் இருக்க வேண்டும்.

இன்னும் எளிது லோக்கல்சென்ட். ஜோடி சேர்க்கவே வேண்டாம், போர்ட் 53317 திறந்திருந்தால் போதும். விருந்தினர் வைஃபையில் இரண்டுமே தோற்கும். அங்கே ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்காதபடி ரூட்டர் பிரித்துவைத்திருக்கும்.

காவடி வருவது புயல் பருவத்தில். மின்சாரமும் ரூட்டரும் போய்விட்டால் போனின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி லேப்டாப்பை அதில் இணையுங்கள். இரண்டுக்கும் நடுவே போகும் ஃபைல் இணையத்தைத் தொடாது, டேட்டா கழியாது. பேட்டரி இருக்கும்வரை அனுப்பலாம்.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்கள்

ஆங்கிலத்தில் எழுதப்படும் உதவிக் குறிப்புகளில் இது இருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. லினக்ஸில் ஒரு ஃபைலின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யுனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகும், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். ஆகவே மொத்தம் 85 குறியீடுகள்தான். மறையாக்கம் செய்த பழைய வகை ஹோம் ஃபோல்டரானால் எல்லை 143 பைட், அதாவது 47 குறியீடு. "மூன்றாம் வகுப்புத் திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி மாணவர் ஒளிப்பதிவு" என்று பெயர் வைத்தால் அங்கே நகல் பிழையோடு நிற்கும். பெயரைச் சுருக்குங்கள், விவரத்தை ஃபோல்டர் பெயரில் வையுங்கள்.

கணினியிலிருந்து போனுக்கு அனுப்பும்போது முக்காற்புள்ளி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள் உள்ள பெயர்கள் மறுக்கப்படும். லினக்ஸ் இவற்றை ஏற்கும், போன் ஏற்காது. மணியை 10:30 என்று பெயரில் எழுதாமல் 10-30 என்று எழுதுங்கள்.

போனிலிருந்து எடுத்ததைப் பென் டிரைவில் உறவினருக்குக் கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: ஃபேட்32 வடிவிலுள்ள பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை வீடியோவை ஏற்காது. டிஸ்க்ஸ் மென்பொருளில் அதை எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும்.

ஐபோன்காரர்களுக்கு

உங்களுக்கு எம்டிபி கிடையாது. பூட்டைத் திறந்து கேபிளைச் செருகியதும் இந்தக் கணினியை நம்பலாமா என்று போன் கேட்கும், ஆம் என்று சொல்லிக் கடவுஎண் தாருங்கள். கேள்வியே வராவிட்டால் யுஎஸ்பிமக்ஸ்டி என்ற தொகுப்பு கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டுவில் இரண்டு ஐகான் வரும்: ஒன்றில் படங்கள், மற்றொன்றில் ஆப்களின் ஆவணங்கள். படங்கள் ஹெச்ஈஐசி வடிவில் வந்து திறக்கவில்லையென்றால், ஹெச்ஈஐஎஃப்-ஜிடிகே-பிக்ஸ்பஃப் தொகுப்பை நிறுவுங்கள். இல்லையென்றால் போனின் கேமரா அமைப்பில் அதிகப் பொருத்தமுள்ள வடிவம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி எடுக்கும் படங்கள் ஜேபெக் ஆக இருக்கும், இடம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.